கம்பெனி இன்ஷூரன்சும் தொழிலாளி குடும்பமும்

(உத்திரமேரூரில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. கம்பெனி தருகிற மெடிக்கல் இன்ஷூரன்ஸ் காகிதத்தில், பொடி எழுத்தில், ஒரு மூலையில் அது இருக்கிறது. அதற்கு 'டிடக்டிபிள்' என்று பெயர். தமிழில் கழிவுத் தொகை என்கிறார்கள். வைத்தியச் செலவில் முதல் இவ்வளவு ரூபாயைத் தொழிலாளியே கட்ட வேண்டும், அதற்கு மேல் போனால்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தரும் என்பது அதன் பொருள். முதல் அடியை நீ வாங்கிக்கொள், இரண்டாவது அடிக்கு நான் குடை பிடிக்கிறேன் என்பது போன்ற ஏற்பாடு இது.

இது பாக்டரியில் வேலை செய்கிறவன் கவலை, நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற எங்களுக்கு இதில் என்ன என்று தாய்மார்கள் கேட்கலாம். நம் வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளி குடும்பம் தனி, விவசாயத் தொழிலாளி குடும்பம் தனி என்று கோடு கிழிக்க முடியுமா? விடியுமுன்னே கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற பிள்ளைகளும், அதே நேரத்தில் தூக்குச்சட்டியோடு வயலுக்கு இறங்குகிற பெற்றோரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். அடுப்பு ஒன்று. கடனும் ஒன்று. தகப்பனுக்கு மாரடைப்பு என்றால் மகனுடைய சம்பளம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஆகவே இது இரண்டு பேருக்கும் பொதுவான பிரச்னை.

கழிவுத் தொகை எப்படி வேலை செய்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொழிலாளி, மனைவி, மகன், தாய் என்று நான்கு பேர் உள்ள குடும்பம். கம்பெனி எடுத்துக் கொடுத்த பாலிசி 3 லட்ச ரூபாய்க்கு. குடும்பத்துக்கு வருஷக் கழிவுத் தொகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஐப்பசி மழையில் தாய்க்கு டெங்கு காய்ச்சல். ஆஸ்பத்திரி பில் 12,000. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு பைசா தராது. முழுவதும் கைப்பணம். சில மாதம் கழித்து மகன் சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிகிறது. பில் 30,000. இப்போது மீதிக் கழிவான 8,000 தொழிலாளி கட்ட வேண்டும். கம்பெனி 22,000 தரும். ஆக, ஒரு வருஷத்தில் குடும்பம் கட்டியது 20,000.

கழிவுத் தொகையைக் குடும்பத்துக்கு என்று வைக்காமல் ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் 20,000 என்று எழுதி வைத்திருந்தால்? அதே இரண்டு நோய்க்கு 12,000-மும் 20,000-மும் சேர்ந்து 32,000 நம் தலையில் விழும். தலைக்கு 10,000, குடும்பத்துக்கு 20,000-க்கு மேல் போகாது என்று எழுதியிருந்தால்? வீட்டில் ஒருவருக்கு மட்டும் 30,000 செலவு வந்தால் 10,000-த்தோடு நம் பங்கு முடிந்துவிடும். குடும்பத்துக்கு மொத்தமாக 20,000 என்று இருந்தால் அந்த ஒரே நோயாளிக்கு 20,000 நாமே கட்ட வேண்டும்.

பாலிசித் தொகை ஒன்றுதான். ஒரு வரி மாறுகிறது. அந்த ஒரு வரியில் ஒரு மாதச் சம்பளம் போகிறது! "உங்களுக்கு 3 லட்சத்துக்கு இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறோம்" என்று நிர்வாகம் சொல்லும்போது, நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை ரூபாய்க்கு மேல்? ஆளுக்கா, குடும்பத்துக்கா, ஒவ்வொரு முறைக்கா?

இது மட்டுமல்ல. 'கோ-பே' என்று இன்னொன்று உண்டு. பில்லில் நூற்றுக்கு 10 அல்லது 20 பங்கை நாம் கட்ட வேண்டும். தாய் தகப்பன் வைத்தியத்துக்குத்தான் இதைப் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். அடுத்தது அறை வாடகை வரம்பு. நாளைக்கு 2,000 ரூபாய் அறைதான் அனுமதி என்று இருக்கும்போது, வேறு அறை காலியில்லை என்று 4,000 ரூபாய் அறையில் படுக்க வைத்தால், வாடகையில் மட்டும் பாதி வெட்டுவதோடு நிற்க மாட்டார்கள். டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டலாம் என்று பாலிசியில் எழுதி வைத்திருப்பார்கள். நோயாளி பிழைத்து எழுந்து உட்கார்ந்த பிறகுதான் குடும்பத்துக்கு இது தெரிய வருகிறது.

இதற்கு நியாயம் என்ன சொல்கிறார்கள்? கையிலிருந்து கொஞ்சம் போனால்தான் தொழிலாளி அநாவசியமாக ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டான் என்கிறார்கள். தோழர்களே, ஒரு ஷிப்டு சம்பளத்தை இழந்து, ஊசி குத்திக்கொள்ள ஆசைப்பட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கிற தொழிலாளியை யாராவது பார்த்ததுண்டா? கழிவுத் தொகை அநாவசியமான வைத்தியத்தைத் தடுப்பதை விட அவசியமான வைத்தியத்தைத்தான் தள்ளிப்போட வைக்கிறது. தாயின் நெஞ்சுவலியை வாயுவென்று சொல்லிப் பெருங்காயம் கொடுத்துப் பார்ப்பதும், மகளின் காய்ச்சல் நான்காம் நாள் வரை பொறுத்துப் பார்க்கப்படுவதும் இதனால்தான். பிரீமியம் குறைவதால் லாபம் நிர்வாகத்துக்கு. தள்ளிப்போட்ட நோயின் நஷ்டம் குடும்பத்துக்கு.

அமெரிக்காவைப் பாருங்கள்

இந்தச் சரக்கு அமெரிக்காவில் பெருவாரியாக விளைந்தது. அங்கே தனியார் தொழிலாளர்களின் வைத்தியம் பெரும்பாலும் முதலாளி எடுத்துத் தரும் இன்ஷூரன்சில்தான் நடக்கிறது. கே.எஃப்.எஃப். என்ற அமைப்பு ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கின்படி, 2024-ல் ஒரு குடும்பத்துக்கான பிரீமியம் சராசரியாக வருஷத்துக்கு 25,572 டாலர். அதில் 6,296 டாலர் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது. இவ்வளவு கட்டிய பிறகும், தனியாள் பாலிசியில் மட்டும் சராசரிக் கழிவுத் தொகை 1,787 டாலர். குடும்பத்துக்கு இதைவிட அதிகம். உலகத்திலேயே பெரிய பணக்கார நாட்டின் தொழிலாளி சந்தாவும் கட்டி, அதற்கு மேல் கழிவும் கட்டி, அப்புறம்தான் வைத்தியம் பெறுகிறான். வேலை போனால் இன்ஷூரன்சும் போகும் என்பதால், நோயாளிக் குழந்தை உள்ளவன் முதலாளியை எதிர்த்து வாய் திறக்கத் தயங்குகிறான்.

இந்த ஏற்பாட்டைத்தான் நம் ஊருக்கும் நாகரிகம் என்று கொண்டு வருகிறார்கள். நம்மிடம் வேறு ஏற்பாடு இல்லாமலா? இருக்கிறது. அதைத்தான் தோழர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

1948-ல் பிறந்த உரிமை

பேராசிரியர் பி. பி. அடார்கர் 1944-ல் தொழிலாளர் ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். பணம் கொடுக்க முடியவில்லை என்பதற்காக எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று 1946-ல் போர் கமிட்டி கூறியது. 1948-ல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது நாம் ஈ.எஸ்.ஐ. என்று சொல்கிற சட்டம், நிறைவேறியது. பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கியதும் அதே 1948-ல்தான். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு ஈ.எஸ்.ஐ. திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1955-ல் கோயமுத்தூர் ஆலைத் தொழிலாளர்களுக்கு அது வந்தது. முதலில் தொழிலாளிக்கு மட்டும்தான் வைத்தியம். பிறகுதான் குடும்பத்துக்கும் விரிந்தது.

இந்தத் திட்டத்தின் அடிப்படை என்ன? சம்பளத்துக்குத் தகுந்த சந்தா. நோய்க்குத் தகுந்த வைத்தியம். கழிவுத் தொகை கிடையாது. கோ-பே கிடையாது. அறை வாடகை வரம்பு கிடையாது. இத்தனை லட்சத்தோடு சரி என்ற உச்சவரம்பும் கிடையாது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலைக்கு இது பொருந்தும்.

மாதம் 20,000 ரூபாய் சம்பளம் வாங்குகிற தொழிலாளி நூற்றுக்கு முக்கால் வீதம் 150 ரூபாய் கட்டுகிறார். முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் வீதம் 650 ரூபாய் கட்டுகிறார். இதற்கு வெளிநோயாளி வைத்தியம் முதல் பெரிய ஆபரேஷன் வரை உண்டு. நோயில் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு ரொக்கமாக உண்டு. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பெண் தொழிலாளிக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம் உண்டு. கம்பெனி பாலிசி இதில் எதைத் தருகிறது? பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது படுத்தால்தான் அது கண் திறக்கும். படுத்த நாளின் சம்பளத்தைப் பற்றி அது பேசுவதே இல்லை.

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நீண்ட வரிசை, மருந்துத் தட்டுப்பாடு, தூரம் எல்லாம் உண்டு. அந்தக் குறைகளைத் தீர்க்கப் பணம் வேண்டும். ஆனால் 2019 ஜூலை முதல் தேதி என்ன நடந்தது? நூற்றுக்கு ஆறரையாக இருந்த மொத்தச் சந்தாவை நாலாகக் குறைத்தார்கள். 20,000 ரூபாய் தொழிலாளிக்கு மாதம் 200 ரூபாய் மிச்சம். அவருக்காக முதலாளி கட்டுவதில் 300 ரூபாய் மிச்சம். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் முதலாளிக்கு மாதம் 3 லட்சம் மிச்சம்! ஒரு கையால் பணத்தைக் குறைத்துவிட்டு, மறு கையால் ஆஸ்பத்திரி சரியில்லை என்று சுட்டிக் காட்டுகிறார்கள்.

இரண்டு கோடுகளுக்கு நடுவே

இப்போது பிரச்னையின் மையத்துக்கு வருகிறோம். ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு ஒன்று உண்டு. 2010 மே மாதத்தில் அது 15,000 ரூபாய். 2017 ஜனவரியில் 21,000 ஆயிற்று. அதன் பிறகு விலைவாசி ஏறியது, சம்பளமும் போராட்டத்தால் ஏதோ கொஞ்சம் ஏறியது. எட்டு ஆண்டு கழித்து 2025-லும் அந்தக் கோடு இருந்த இடத்திலேயே நின்றது.

இதன் விளைவு என்ன? தொழிலாளி போராடி 1,500 ரூபாய் உயர்வு பெறுகிறார். 20,000 சம்பளம் 21,500 ஆகிறது. வீட்டில் சந்தோஷம். ஆனால் கோட்டைத் தாண்டிவிட்டார். சந்தாக் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. போய்விடுகிறது. அவருக்கு மிச்சம் 150 ரூபாய். முதலாளிக்கு மிச்சம் 650 ரூபாய். பதிலுக்கு ஒரு குழுப் பாலிசி வருகிறது, கழிவுத் தொகையோடு. அதையும் தந்தே தீர வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்துகிற பொதுச் சட்டம் எதுவும் இல்லை. தந்தால் தரலாம், அடுத்த வருஷம் தாய் தகப்பனை அதிலிருந்து நீக்கலாம், கழிவை இரட்டிப்பாக்கலாம். கேட்பாரில்லை.

சர்க்காரின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லையா என்று கேட்கலாம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் இந்தப் பெயர் பெற்ற திட்டம் அது. குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, கழிவுத் தொகை இல்லாமல், குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு உதவுகிறது. விவசாயத் தொழிலாளிக்கு அது பெரிய துணைதான். ஆனால் அதற்கும் ஒரு கோடு உண்டு. குடும்பத்தின் வருஷ வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும் என்பதை 2022-ல் 1,20,000 ஆக்கினார்கள். அதாவது மாதம் 10,000. வீட்டில் ஒரு பிள்ளை பாக்டரிக்குப் போனாலே இந்தக் கோடு தாண்டிவிடும்.

ஆகவே கணக்கு இப்படி நிற்கிறது. மாதம் 10,000-க்குள் என்றால் சர்க்கார் காப்பீடு. 21,000 வரை, அதுவும் சட்டம் பொருந்துகிற ஆலையில் இருந்தால், ஈ.எஸ்.ஐ. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறையில் 15,000 வாங்குகிறவருக்கு இரண்டும் இல்லை. கடலை உடைப்பு, சர்க்கரை போன்ற பருவகால ஆலைகளைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. 22,000 வாங்குகிற நிரந்தரத் தொழிலாளிக்கு முதலாளியின் தயவு. இந்த இடைவெளியில்தான் கந்துவட்டிக்காரன் கடை போட்டிருக்கிறான்.

கையில் இருக்கும் உரிமையைக் கைவிடாதீர்கள்

போராட வேண்டியது ஒரு பக்கம். இன்றைக்கே பெற வேண்டிய உரிமைகள் இன்னொரு பக்கம். பலருக்கு இவை தெரியாமலே போகின்றன.

முதலாவது, தாய் தகப்பன். ஈ.எஸ்.ஐ.யில் உள்ள பிள்ளையின் வருமானத்தை நம்பி வாழும் பெற்றோரும் குடும்பமே. அவர்களுடைய எல்லா வருமானமும் சேர்ந்து மாதம் 9,000 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் போதும். வருஷத்தில் சில மாதமே வேலை கிடைக்கும் விவசாயத் தொழிலாளிப் பெற்றோர் பலர் இந்த வரம்புக்குள் வருவார்கள். ஆனால் வேலையில் சேரும்போது கண்ட்ராக்டர் ஆள் அவசரமாக நிரப்பிய பாரத்தில் அவர்கள் பெயர் விட்டுப் போயிருக்கும். உங்கள் இ-பெஹ்சான் அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். குடும்பம் வேறு ஊரில் இருந்தால் அங்கே பக்கத்திலுள்ள மருந்தகத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஓவர்டைம். ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து 21,000 தாண்டிவிட்டது என்று பெயரை நீக்கினால் அது தவறு. வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது. 2020-ம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, ஊதியம் என்ற சொல்லின் அர்த்தமே மாறியிருக்கிறது. வீட்டு வாடகைப் படி போன்ற சில படிகள், மொத்தத்தில் பாதிக்கு மேல் போகாத வரை, கணக்கில் சேராது. எனவே நீக்கப்பட்டவர்கள் சம்பளச் சீட்டை வைத்து மறுபடி கணக்குப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். பெண் தொழிலாளியை நம்பியிருக்கும் மாமனார் மாமியாரையும் அந்தச் சட்டம் குடும்பத்தில் சேர்க்கிறது.

மூன்றாவது, நடுவில் சம்பளம் உயர்ந்தால் அன்றே வைத்தியம் நின்றுவிடாது. மே மாதத்தில் வரம்பைத் தாண்டினாலும் செப்டம்பர் முடிய சந்தா பிடிக்க வேண்டும்; அதற்குரிய பலன் அடுத்த ஜூன் முடிய உண்டு.

நான்காவது, கண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் சந்தா கட்டும் பொறுப்பு மூல முதலாளியுடையது. நம் பங்கைச் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது கிரிமினல் குற்றம்.

ஐந்தாவது, ஓய்வு பெற்றவர். ஐந்து வருஷம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றவர், வருஷம் 120 ரூபாய் கட்டித் தனக்கும் மனைவிக்கும் வைத்தியம் பெறலாம்.

கம்பெனி பாலிசி உள்ளவர்கள் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி நியாயமில்லாமல் வெட்டினால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்குக் கட்டணமில்லாமல் மனுச் செய்யலாம்.

கணக்குக் காட்டு!

நம் உத்திரமேரூருக்கு ஒரு பெருமை உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். அதில் ஒரு விதி: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது. நல்ல விதி. இன்னொரு விதியும் உண்டு: கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் உள்ளவன் பெயர்தான் குடத்துக்குள் போகும். நிலத்தை உழுதவன் பெயர் அந்தக் குடத்தில் விழவே இல்லை.

ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து நாம் இரண்டையும் கேட்கிறோம். நம் பெயர் குடத்தில் இருக்க வேண்டும். நம் பேரில் கட்டிய பணத்துக்குக் கணக்கும் காட்ட வேண்டும். நம் பேரால் எந்தக் கம்பெனியிடம், எவ்வளவு பிரீமியத்துக்கு, என்ன கழிவோடு பாலிசி எடுக்கப்படுகிறது என்பதை முடிவு செய்யும் மேஜையில் இன்று தொழிலாளி இல்லை. அங்கே உட்கார வேண்டுமானால் சங்கம் வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததும், 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவானதும் நம் கண்முன் நடந்தவை. சங்கமாகக் கூடுகிற உரிமைக்கே அவ்வளவு போராட வேண்டியிருந்தது. அந்த உரிமை இல்லாத இடத்தில் பாலிசியின் பொடி எழுத்தைப் படித்துக் கேட்க யார் இருக்கிறார்கள்?

ஆகவே, இந்தக் கூட்டத்தின் சார்பில் கீழ்க்கண்ட கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பை உடனே உயர்த்த வேண்டும். விலைவாசியோடு சேர்ந்து அது தானாக உயர வேண்டும். முதலாளிகளின் சந்தாவைப் பழைய அளவுக்குக் கொண்டு வர வேண்டும்.

2. ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ள தொழிலாளிக்குக் குடும்பத்தோடு வைத்தியப் பாதுகாப்பு தருவது முதலாளியின் சட்டக் கடமையாக வேண்டும். கழிவுத் தொகையும் கோ-பேயும் இருந்தால் அதை நிர்வாகமே ஏற்க வேண்டும். ஒவ்வொரு ஊதிய ஒப்பந்தத்திலும் இது ஒரு ஷரத்தாக ஏற வேண்டும்.

3. பாலிசியைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு தொழிலாளிக்கும் தர வேண்டும். கண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அதே பாதுகாப்பு வேண்டும்.

4. ஆலை உள்ள இடத்தில் மட்டுமன்றித் தொழிலாளி குடியிருக்கும் வட்டாரங்களிலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகம் வேண்டும்.

5. பருவகால ஆலைத் தொழிலாளியையும் விவசாயத் தொழிலாளியையும் சமூகப் பாதுகாப்புக்குள் கொண்டு வர வேண்டும். நோயில் படுத்த நாளுக்கு அவர்களுக்கும் நாள்கூலி உதவி வேண்டும். உத்திரமேரூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் போதிய டாக்டர்களும் மருந்தும் எந்நேரமும் இருக்க வேண்டும். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தாண்டிக் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நிலை மாற வேண்டும்.

தோழர்களே, நாளைக்கே ஒரு வேலையைத் தொடங்குவோம். ஒவ்வொரு ஊரிலும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பத்துப் பேர் சேர்ந்து தங்கள் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் பாலிசிக் காகிதத்தையும் எடுத்துப் படியுங்கள். யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது, எவ்வளவு கழிவு போட்டிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வயலில் வேலை செய்கிற தாய் தகப்பனையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். அந்த நோட்டுகள் எல்லாம் சேர்ந்தால் அதுவே நம் கோரிக்கை மனு.

உழைத்து உடம்பைக் கொடுத்தவன் வைத்தியத்துக்கும் முதல் பங்கு கட்ட வேண்டும் என்பது அநீதி. அவன் பங்கை அவன் வேர்வையில் ஏற்கெனவே கட்டிவிட்டான்!